1973-ல் செய்த மொபைல் ஹோம் வாங்கலாமா? முதலில் அதன் அடியில் போய்ப் பாருங்கள்

கேள்வி இதுதான்: கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில் (தொழிற்சாலையில் கட்டி இழுத்து வந்த வீடுகள், வேறொருவரின் நிலத்தில் வரிசையாக நிற்கும் குடியிருப்பு) 1973-ம் வருட டபுள்வைட் வீடு, அதாவது இரண்டு பாதியாகக் கொண்டுவந்து இணைத்த வீடு, ஒன்று விலைக்கு வருகிறது. கணவன், மனைவி, ஒரு குழந்தை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஆறு மாதம் தங்குவார்கள். "இந்த வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி, பிடித்தால் அவ்வளவுதான்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையா, என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

நான் கலிபோர்னியாவில் பல வருடங்களாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி இந்த மாதிரி பார்க்குகளில்தான். நானும் ஏழு வருடம் ஒரு பார்க்கில் குடியிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வது 1976-க்கு முந்தைய வீடுகளுக்குப் பெருமளவு பொருந்தும், பிந்தையவற்றுக்குப் பொருந்தாது. நீங்கள் பார்த்திருப்பது முந்தைய வகை. வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கீழே சொல்கிற சில வேலைகள் முடியாமல் உங்கள் அப்பா அம்மாவை அங்கே ஒரு ராத்திரிகூடப் படுக்க வைக்காதீர்கள்.

1976 என்று ஏன் கோடு கிழிக்கிறோம்? அதற்கு முன்பு தொழிற்சாலையில் கட்டி வண்டியில் இழுத்துவரும் வீடுகளுக்கு நாடு முழுவதும் பொதுவான விதி எதுவும் கிடையாது. 1974-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதன்படி மத்திய வீட்டுவசதித் துறை எழுதிய விதிகள் 1976 ஜூன் 15-ம் தேதி நடைமுறைக்கு வந்தன. அந்தத் துறையின் சுருக்கப் பெயரை (HUD) வைத்து எல்லோரும் ஹட் கோடு என்று சொல்வது அதைத்தான். அந்தத் தேதிக்குப் பிறகு கட்டிய வீட்டின் ஒவ்வொரு பாதியிலும், வெளிப்புறம் பின்பக்கத்தில், சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். உள்ளே சமையலறை அலமாரியிலோ, மின்பெட்டிக்குப் பக்கத்திலோ, படுக்கையறை குளோசெட்டிலோ (துணி அலமாரியிலோ) ஒரு விவரத்தாள் ஒட்டியிருக்கும். உங்கள் 1973 வீட்டில் அந்தச் சிவப்புத் தகடு இருக்காது. தகடு இல்லாத வீட்டுக்கு மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பான எஃப்.ஹெச்.ஏ.வின் கடன் காப்பீடும் கிடைக்காது.

அந்த விதி என்ன செய்தது என்றால், வீட்டைத் தீப்பிடிக்காத வீடாக மாற்றவில்லை, ஓடித் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்தது. ஸ்மோக் அலாரம் கட்டாயம். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வெளிக்கதவுகள் கட்டாயம். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஆள் வெளியேறும் அளவு ஜன்னல். சுவர், கூரைப் பலகைகளில் தீ எவ்வளவு வேகமாகப் பரவலாம் என்று வரம்பு. ஃபர்னஸும் (வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) வெந்நீர் டாங்கும் இருக்கும் அறைக்கு அதைவிடக் கடுமையான வரம்பு. தேசியத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. பின்னாளில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, இந்த விதிப்படி கட்டிய வீடுகளில் தீப்பிடித்தால் ஆள் சாகும் விகிதம் பழைய வீடுகளைவிட நன்றாகவே குறைந்திருந்தது.

பழைய வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். சுவரெல்லாம் மெல்லிய மரப் பானல், ஒரு பிஸ்கட் கனம்தான் இருக்கும். கூரை தாழ்வு, ஏழு அடிக்கு ஒட்டி இருக்கும். தீப்பிடித்தால் சூடான புகை மேலே போய்த் தங்க இடமில்லை, சீக்கிரமே முகத்தின் மட்டத்துக்கு இறங்கிவிடும். பானல் சூடேறி அதுவே எரிவாயுவைக் கக்கும். ஒரு கட்டத்தில் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். தீப்பெட்டி என்று சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் சமையலறை, கார்ப்பெட், கூரை என்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது அடியில். வீட்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒரு மறைப்பு இருக்கும், ஸ்கர்ட்டிங் என்பார்கள். அதில் ஒரு பலகையைக் கழற்றி, டார்ச்சை எடுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போக வேண்டும்.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். "டிரையரில், துணி காய வைக்கிற மெஷினில், துணி சரியாகக் காய்வதில்லை, அதன் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது" என்று கூப்பிட்டார்கள். மெஷினுக்குப் பின்னால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடியில் போனேன். டிரையரின் காற்றுக்குழாய் தரையைத் துளைத்துக் கீழே வந்து, பாதி வழியில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே போக வேண்டிய பஞ்சுத்தூசி எல்லாம் அங்கேயே கொட்டி, தலையணையைப் பிரித்துப் போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதற்கு மேலே தரைக்கடியில் ஒட்டிய கறுப்பு ஷீட் கிழிந்து இன்சுலேஷன் தொங்கியது. அந்தப் பஞ்சுக்குள்ளேயே ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர், யாரோ தோட்டத்து விளக்குக்காக இழுத்தது. அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். மேலே தரை பளபளவென்று புது லாமினேட். எனக்கு அன்றைக்கு முழுவதும் மனசு சரியில்லை.

டிரையர் குழாய் வீட்டுக்கடியில் முடியவே கூடாது. ஸ்கர்ட்டிங்கைத் தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும், குழாய் உலோகமாக இருக்க வேண்டும். விதியிலேயே இருக்கிறது, ஆனாலும் நான் போகிற வீடுகளில் அதிகமாக மீறப்படுவது இதுதான். அப்புறம் அடியில் பழைய அட்டைப்பெட்டி, பெயின்ட் டப்பா, காய்ந்த இலை, எலிக்கூடு ஒன்றும் இருக்கக்கூடாது. புரோபேன் காஸ் உபயோகிக்கும் பார்க்காக இருந்தால் இன்னொரு ஆபத்து: புரோபேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, ஸ்கர்ட்டிங்குக்குள் குளம் மாதிரி தேங்கி நிற்கும். சான் ஹோசே மாதிரி ஊர்களில் பெரும்பாலும் குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயுதான், அது காற்றைவிட லேசு. இருந்தாலும் டபுள்வைட்டில் இரண்டு பாதிக்கும் நடுவே காஸ் கடக்கும் இணைப்புக் குழாய் இருந்தால் அதைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள்.

குளிர்ப் பிரதேசத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றும் ஹீட் டேப், பனிக்காலத் தீவிபத்துகளுக்கு ஒரு பெரிய காரணம். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றக்கூடாது. மொபைல் ஹோமுக்கு என்று சான்று பெற்றதை மட்டும் வாங்குங்கள். வெடிப்பு விட்டிருந்தால் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 1973 வீடு என்றதும் எனக்கு முதலில் தோன்றியது அலுமினிய ஒயர். அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை செம்பு விலை ஏறியதால் நிறைய வீடுகளில் அலுமினியம் போட்டார்கள். ஒயரின் நடுப்பகுதியால் பிரச்சினை இல்லை, முனைகளில்தான். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகம் விரியும், ஆறும்போது சுருங்கும். திருகுக்கடியில் இப்படி விரிந்து சுருங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் கணக்குப்படி, 1972-க்கு முன் தயாரான அலுமினிய ஒயர் போட்ட வீட்டில் ஏதாவது ஒரு இணைப்பு தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு செம்பு ஒயர் வீட்டைவிட 55 மடங்கு. உங்கள் வீடு அந்தக் கோட்டுக்கு ஒரு வருடம் இந்தப் பக்கம் இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். 1973-ல் கட்டிய வீட்டில் எந்த வருடத்து ஒயர்ச் சுருளை எடுத்துப் போட்டார்கள் என்று யார் பார்த்தது?

எப்படிக் கண்டுபிடிப்பது? மின்பெட்டியின் மூடியை எலக்ட்ரீஷியனை வைத்துத் திறங்கள். சுவிட்சுகளுக்குப் போகும் மெல்லிய ஒயர்களின் முனை வெள்ளி நிறமாக இருந்தால் சந்தேகப்படலாம், ஒயர் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் தெரிந்துவிடும். அலுமினியம் என்றால் முழுவதும் செம்பாக மாற்றுவதுதான் முதல் தேர்வு. அது முடியாவிட்டால் ஒவ்வொரு முனையிலும் செம்புத் துண்டை இணைக்கும் முறை இருக்கிறது, அதற்கென்றே சான்று பெற்ற இணைப்பிகளைக் கொண்டு. ஒவ்வொரு முனையிலும் என்றால் சுவிட்ச், பிளக், விளக்கு எல்லாவற்றிலும்தான். "முக்கியமான இடத்தில் மட்டும் மாற்றிவிட்டேன்" என்று விற்பவர் சொன்னால் அதை ஏற்காதீர்கள். சுவிட்ச் பலகை கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ, விளக்கு காரணமில்லாமல் மினுக்கினாலோ, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலோ அந்த பிரேக்கரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே பார்க்கின் மின்கம்பி வந்து முடியும் பெட்டி ஒன்று இருக்கும், பெடஸ்டல் என்பார்கள். பழைய பார்க்குகளில் அது 50 ஆம்பியர் மட்டும் தாங்குவதாக இருக்கலாம். ஏசி, மின்னடுப்பு, டிரையர் எல்லாம் ஒன்றாக ஓடினால் அதற்கு அது போதாது. வீட்டை எவ்வளவு புதுப்பித்தாலும் பெடஸ்டல் பார்க்கின் சொத்து, நீங்களாக மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன்பே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிடுங்கள்.

டிசம்பரில் ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்குக் குளிர் தாங்காது, உடனே ஒரு ஸ்பேஸ் ஹீட்டர் வாங்குவீர்கள். சாதாரண ஹீட்டர் 1500 வாட். 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். வீட்டுக்குள் ஒரு பிரேக்கரிலிருந்து போகும் சாதாரண மின்சுற்று 15 ஆம்பியர், அதிலும் மணிக்கணக்கில் ஓடுகிற சாதனத்துக்கு 12-தான் வரம்பு. அதாவது ஒரு ஹீட்டர் மட்டும் ஓடினாலே எல்லை தாண்டிவிடுகிறது, பக்கத்து அறையில் இன்னொன்று அதே மின்சுற்றில் இருந்தால் சொல்லவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் ஒயரிலோ பல பிளக் பலகையிலோ ஹீட்டரைச் சொருகவே கூடாது. போர்வை, திரைச்சீலை, புடவை எதுவும் 3 அடிக்குள் வரக்கூடாது. ஃபர்னஸ் சரியாக ஓடும்படி செய்து கொடுப்பது அதைவிட நல்லது. ஃபர்னஸை மாற்றினால் மொபைல் ஹோமுக்கு என்று அங்கீகரித்த மாடலை மட்டும் வையுங்கள், சாதாரண வீட்டுக்கானது ஆகாது.

அடுத்தது நம் வீட்டுப் பழக்கங்கள். இதை யாரும் அமெரிக்கக் கையேட்டில் எழுதியிருக்க மாட்டார்கள். குளோசெட்டுக்குள் பூஜை அறை வைக்கிறோம். மேலே துணி தொங்கும் கம்பி, பின்னால் மரப் பானல், நடுவே விளக்கும் கற்பூரமும். தயவுசெய்து இந்த வீட்டில் அதைச் செய்யாதீர்கள். பூஜையைத் திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். விளக்குக்கு அடியில் அகலமான பித்தளைத் தாம்பாளம் இருக்கட்டும். விளக்கு எரிகிற வரை ஒருவர் அந்த அறையில் இருக்கட்டும், தூங்கப் போகும்போது மலையேற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். கார்த்திகைக்கு மரப்படியிலும் ஸ்கர்ட்டிங் ஓரத்திலும் அகல் வரிசை வேண்டாம். வினைல் ஸ்கர்ட்டிங் உருகும், அடியில் காய்ந்த இலை இருந்தால் பற்றும். சிமெண்ட் தளத்தில் வையுங்கள்.

தாளிக்கும்போது அலாரம் அலறுகிறது என்று பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்ட வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மிளகாய் வறுத்தால் கத்தத்தான் செய்யும். அதற்கு வழி இருக்கிறது: அடுப்பிலிருந்து பத்து அடியாவது தள்ளி மாட்டுங்கள், ஃபோட்டோ எலக்ட்ரிக் வகை வாங்குங்கள், அது சமையல் புகைக்கு அவ்வளவு சீக்கிரம் கத்தாது. தற்காலிகமாக அமைதியாக்கும் பட்டன் உள்ளதாகப் பாருங்கள். ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் ஒன்று, வெளியே ஒன்று. பத்து வருடம் ஆனால் வேலை செய்தாலும் மாற்றிவிட வேண்டும், பின்பக்கத்தில் தயாரித்த தேதி இருக்கும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பல ஊர்களில் இலவசமாகவே மாட்டித் தருகிறது. வடை சுடுகிற எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். இதை அம்மாவிடம் ஒரு முறை செய்தே காட்டிவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை வெளியேறும் வழிதான். பழைய வீடுகளில் லூவர் ஜன்னல் இருக்கும், கண்ணாடிப் பட்டைகள் அடுக்கடுக்காக. காற்று வரும், ஆள் போக முடியாது. புது விதியில் படுக்கையறை ஜன்னல் திறப்பு குறைந்தது 5 சதுர அடி, எந்தப் பக்கமும் 22 அங்குலத்துக்குக் குறையாமல், ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து 36 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் படுக்கையறை ஜன்னல்களை அந்த அளவுக்கு மாற்றிவிடுங்கள். ஜன்னல் கம்பி போட்டிருந்தால் உள்ளிருந்து ஒரே இழுப்பில் திறப்பதாக இருக்க வேண்டும்.

பின்கதவைத் திறந்து பாருங்கள். நான் போகிற வீடுகளில் அந்த இடத்தில் இரண்டாவது ஃபிரிட்ஜ் நிற்கும், இல்லாவிட்டால் இருபது பவுண்டு அரிசி மூட்டைகள். அவற்றைத் தள்ளிக் கதவைத் திறந்தால் வெளியே படியே இருக்காது, மூன்றடி கீழே மண். எழுபது வயது மனிதர் இருட்டில், புகையில், அங்கே எப்படி இறங்குவார்? உறுதியான படியும் கைப்பிடியும் போடுங்கள். அப்பா அம்மா வந்த முதல் வாரமே ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் அறையிலிருந்து வெளியே நடந்து வரச் செய்து பாருங்கள். அவசர உதவி எண்ணான 911-ல் என்ன சொல்ல வேண்டும், வீட்டு எண் என்ன என்று தமிழில் எழுதி ஃபோனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தெருவின் பெயர் மட்டும் சொன்னால் போதாது, பார்க்குக்குள் உங்கள் இட எண்தான் தீயணைப்பு வண்டிக்குத் தேவை.

இதெல்லாம் உங்கள் கையில் இருப்பவை. பார்க் உங்கள் கையில் இல்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் பத்து அடி இடைவெளி இருக்கலாம், பழைய பார்க்கில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியில் கார்போர்ட் (கார் நிறுத்தும் கூரை), பிளாஸ்டிக் ஷெட், மர வேலி எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் இடைவெளி என்பது பேருக்குத்தான். 2008 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் சில்மாரில் சேயர் காட்டுத்தீ ஓக்ரிட்ஜ் பார்க்குக்குள் புகுந்தபோது சுமார் 600 வீடுகளில் ஏறக்குறைய 480 போயின. அதே சில்மார் பகுதியில் 1994 ஜனவரி நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தின்போது வீடுகள் தாங்கிகளிலிருந்து சரிந்து காஸ் குழாய்கள் அறுந்து பார்க்குகள் எரிந்தன. ஓரிகனில் 2020 செப்டம்பர் 8-ல் அல்மேடா தீ டேலன்ட், ஃபீனிக்ஸ் என்ற இரண்டு சிற்றூர்களில் பார்க் பார்க்காக அழித்தது. வீடிழந்தவர்களில் பலர் பண்ணைத் தொழிலாளர்களும் முதியவர்களும்.

எனக்கு அதிகம் உறைத்தது 2017 அக்டோபரில் சாண்டா ரோசாவில் நடந்தது. ஜர்னீஸ் எண்ட் என்ற பார்க்கில் 161 வீடுகள். டப்ஸ் தீயில் 117 எரிந்தன, இரண்டு பேர் இறந்தார்கள். மிச்சம் 44 வீடுகள் நின்றன. ஆனால் அந்த 44 குடும்பங்களும் திரும்பிப் போய்க் குடியிருக்க முடியவில்லை, ஏனென்றால் பார்க்கின் மின்சாரம், காஸ், தண்ணீர் எல்லாம் அழிந்துவிட்டன. வீடு உங்களுடையது, நிலமும் குழாயும் கம்பியும் வேறொருவருடையது. உங்கள் வீடு தப்பினாலும் பார்க் போனால் வீடு போன மாதிரிதான். காப்பீட்டு ஏஜென்டிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்: வீடு நின்று, பார்க் மூடினால் என்ன கிடைக்கும் என்று.

அதனால் மேலாளரிடம் சில விஷயங்கள் விசாரிக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயான ஹைட்ரண்ட் எங்கே, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? கலிபோர்னியாவில் பார்க்கின் சொந்த ஹைட்ரண்டுகளை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அவசரகாலத் திட்டம் வைத்திருக்கிறார்களா? சேயர் தீக்கு அடுத்த வருடமே மாநிலச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது, நீங்கள் கேட்டால் காட்ட வேண்டும். பின்வாசல் கேட் உண்டா, பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? ராத்திரி எட்டு மணிக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள், எல்லோரும் கார் நிறுத்திய பிறகு அந்தத் தெருவில் தீயணைப்பு வண்டி திரும்ப முடியுமா என்று. பகலில் பார்த்தால் தெரியாது. உங்கள் வீடு நிலநடுக்கத் தாங்கி போட்டு நிறுத்தியதா என்பதையும் அடியில் போகும்போதே பாருங்கள். வெறும் தாங்கி மேல் உட்கார்ந்திருந்தால் அதையும் செலவில் சேருங்கள்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒயர், ஜன்னல், படி, தாங்கி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அதே பார்க்கிலோ பக்கத்திலோ எண்பதுகள், தொண்ணூறுகளில் கட்டிய வீடு விலைக்கு வந்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருக்காது. என் தங்கை கேட்டிருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

இந்த 1973 வீட்டையே எடுப்பதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். கையில் டார்ச், அளவு டேப், கூட ஒரு எலக்ட்ரீஷியன். ஸ்கர்ட்டிங்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விற்பவர் "அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்று திறக்க மறுத்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.